ஆர்ஓஐ: உயரத்தைக் குறைத்தால்தான் வேகம்

தொழிற்சாலைக் கேமராவில் ஆர்ஓஐ (ரீஜன் ஆஃப் இன்ட்ரெஸ்ட்) வைப்பது என்றால், சென்சாரின் முழுப் பரப்பில் நமக்கு வேண்டிய செவ்வகத்தை மட்டும் படிக்கச் சொல்வது. விட்த் (அகலம்), ஹைட் (உயரம்), செவ்வகம் இடமிருந்தும் மேலிருந்தும் எவ்வளவு தள்ளித் தொடங்குகிறது என்று சொல்லும் ஆஃப்செட்-எக்ஸ், ஆஃப்செட்-ஒய் என்று நான்கே எண்கள்தான். ஆனால் எந்த வரிசையில் கொடுக்கிறோம் என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

2448 × 2048 சென்சாரை எடுத்துக்கொள்வோம். முழு அகலத்தில் இருக்கும்போது ஆஃப்செட்-எக்ஸுக்கு அதிகபட்ச மதிப்பு 0. அந்த நிலையில் 640 கொடுத்தால் கேமரா மறுத்துவிடும். மறுபக்கமும் இதே சிக்கல் உண்டு: ஏற்கெனவே ஆஃப்செட் 1000 இருந்தால் அகலம் 1448-க்கு மேல் போகாது. அதனால் எப்போதும் ஒரே முறை: படமெடுப்பதை நிறுத்துங்கள், இரண்டு ஆஃப்செட்டையும் 0 ஆக்குங்கள், அகலம் உயரம் கொடுங்கள், கடைசியாக ஆஃப்செட். படம் ஓடிக்கொண்டிருக்கும்போது அகலமும் உயரமும் பொதுவாகப் பூட்டப்பட்டிருக்கும். ஆஃப்செட்டை மட்டும் ஓடும்போதே நகர்த்தப் பல கேமராக்கள் விடும்.

எண்களுக்குப் படி அளவும் உண்டு. படி 16 என்றால் 1000 செல்லாது. 992 அல்லது 1008தான். கேமராவோடு வரும் வியூவர் மென்பொருள் சில நேரம் சத்தமில்லாமல் அருகிலுள்ள எண்ணுக்கு மாற்றிவிடும், நாம் எழுதும் நிரலோ பிழை காட்டி நிற்கும். படி அளவை நிரலில் எழுதி வைக்காமல் கேமராவிடமே கேட்டு வாங்குங்கள். மாடல் மாறினால் அது மாறும்.

இனி வேகம். சீமாஸ் சென்சார் வரிவரியாகப் படிக்கப்படுகிறது. வரிகளைக் குறைத்தால் படிக்கும் நேரம் குறையும். அகலத்தைக் குறைப்பதால் பெரும்பாலான சென்சார்களில் படிக்கும் நேரம் மாறாது. கேபிளில் போகும் தரவு மட்டுமே குறையும். நீளமான பொருள் சென்சாரில் நெட்டுக்குத்தாக விழுகிறதா? கேமராவை 90 டிகிரி திருப்பி மாட்டுங்கள். மென்பொருளில் எவ்வளவு மெனக்கெட்டாலும் கிடைக்காத வேகம் அந்த ஒரு திருப்பலில் கிடைக்கும்.

8-பிட் கறுப்பு வெள்ளையில் முழுப் படம் சுமார் 5 எம்பி. கிகாபிட் ஈதர்நெட்டில் நடைமுறையில் நொடிக்கு 115 எம்பி போல ஓடும் என்று வைத்தால் 23 படம். உயரத்தை 512 ஆக்கினால் கேபிள் கணக்கில் 92 வரை போகலாம். ஆனால் எக்ஸ்போஷர், அதாவது ஒரு படத்துக்குச் சென்சார் ஒளி வாங்கும் நேரம், 20 மில்லி நொடியாக இருந்தால் 50-ஐத் தாண்டவே முடியாது. ஆர்ஓஐ சுருக்கியும் வேகம் ஏறவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது எக்ஸ்போஷர். அடுத்து, ஃப்ரேம் ரேட் வரம்பு எங்காவது இயக்கப்பட்டிருக்கிறதா என்று. எக்ஸ்போஷரைக் குறைக்க வெளிச்சத்தைக் கூட்டியாக வேண்டும்.

படம் சாய்ந்த பட்டைகளாகக் கிழிந்து தெரிந்தால், நிரல் இன்னும் பழைய அகலத்தை வைத்தே வரிகளை வெட்டுகிறது என்று பொருள். ஆர்ஓஐ மாறும்போது படத்தின் பைட் அளவும் மாறும். பஃபர்களை, அதாவது படத்தை வாங்கி வைக்கும் நினைவக இடங்களை, புதிதாக ஒதுக்குங்கள்.

கலர் கேமராவில் ஆஃப்செட் ஒற்றைப்படையானால் பேயர் வரிசை (பிக்சல்களின் மேல் உள்ள சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளின் அடுக்கு) ஒரு பிக்சல் நகர்ந்து, நிறங்கள் இடம் மாறலாம். இரட்டைப்படையிலேயே இருங்கள்.

அளவெடுக்கும் வேலையில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. முழுப் படத்தில் செய்த கேலிபரேஷனை (பிக்சலை உண்மை அளவோடு பொருத்தும் கணக்கை) ஆர்ஓஐ படத்தில் அப்படியே போட்டால் அளவு தவறும். மையப் புள்ளியிலிருந்து ஆஃப்செட்டைக் கழிக்க வேண்டும்: மையம் 1221, ஆஃப்செட்-எக்ஸ் 640 என்றால் புதிய மையம் 581. குவிய நீளமும் லென்ஸ் வளைவு எண்களும் மாறாது. 2×2 பின்னிங் (நான்கு பிக்சலை ஒன்றாகச் சேர்ப்பது) போட்டால் குவிய நீளம், மையம் இரண்டும் பிக்சல் கணக்கில் ஏறக்குறையப் பாதியாகும். பல கேமராக்களில் ஆஃப்செட்டும் பின்னிங் செய்த பிக்சலில்தான் எண்ணப்படும்.

ஆர்ஓஐயைப் பொருளுக்கு ஒட்டி இறுக்க வேண்டாம். படமெடுக்கச் சொல்லும் டிரிகர் சற்றுப் பிந்தினாலும் விளிம்பு வெட்டுப்படாத அளவுக்கு இடம் விடுங்கள். எல்லாம் சரியானதும் கேமராவுக்குள்ளேயே அமைப்புகளைச் சேமிக்கும் யூசர் செட்டில் சேமித்து, அதையே தொடக்க அமைப்பாகத் தேர்ந்தெடுங்கள். சேமித்தால் மட்டும் போதாது. தேர்ந்தெடுக்காவிட்டால் மின்சாரம் போய் வந்ததும் கேமரா மறுபடி முழுப் படத்தில் நிற்கும்.