புகை வாசத் தேயிலையும் ஐந்து ஏன்களும்

ஏலத்துக்குப் போன தேயிலையில் புகை வாசம் என்று கொழும்பிலிருந்து புரோக்கர் எழுதினால், நம் பக்கத்துப் பெக்டரிகளில் முதலில் நடப்பது விசாரணை. அன்றிரவு அடுப்பில் நின்றது யார்? அவருக்கு அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளந்தான். அதன்பிறகு அடுப்பில் என்ன கோளாறைக் கண்டாலும் அவர் வாய் திறக்கமாட்டார். இலங்கை மலையகத்தில் டிம்புள்ள பக்கம் தை முதல் பங்குனி வரை நல்ல விலைக்காலம். அப்போது இது நடந்தால் நட்டம் இரட்டிப்பு.

டொயோட்டா கார் கம்பெனியின் உற்பத்தி முறையை வகுத்த தைச்சி ஓனோ வலியுறுத்திய 'ஐந்து முறை ஏன்' என்பதை இந்தப் புகையிடம் கேட்டுப் பார்ப்போம். தேயிலையில் ஏன் புகை? அடுப்பின் இரும்புக் குழாயில் ஓட்டை. தேயிலையை உலர்த்தும் ட்ரையரின் ஃபேன் குழாய்களைச் சுற்றியுள்ள சூட்டுக் காற்றை இழுக்கும்போது, ஓட்டை வழியே விறகுப் புகையும் சேர்ந்து வருகிறது. ஏன் ஓட்டை? குழாய் அளவுக்கு மீறிக் காய்ந்து மெலிந்துவிட்டது. ஏன் காய்ந்தது? நெருப்பு எரியும்போதே ஃபேன் நின்றிருக்கிறது. குழாயின் சூட்டை வாங்கிக்கொண்டு போவது அந்தக் காற்றுத்தான். ஃபேன் ஏன் நின்றது? கரண்ட் போனது. கரண்ட் போனால் அடுப்படியில் என்ன செய்வதென்று ஏன் யாருக்கும் தெரியவில்லை? இதற்கு அரைப் பேர் போட்டுப் பதில் வாங்க முடியாது.

ஒவ்வொரு ஏனுக்கும் கண்ணால் பார்த்த ஆதாரம் வேண்டும். ஈர விறகு எரித்தாலும் புகையும். ஓட்டை என்று முடிவுகட்டும் முன் கொழுந்து போடாமல் ட்ரையரை ஓட்டி, அடுப்பில் பச்சை இலை போட்டு, வரும் காற்றை மோந்து பாருங்கள்.

வெல்டரைக் கூப்பிட்டு ஓட்டையை அடைப்பதும் திருத்தந்தான். நிறுவனங்கள் எப்படிக் கற்கின்றன என்று ஆராய்ந்த கிறிஸ் ஆர்ஜிரிஸும் டொனால்ட் ஷோனும் 1978இல் இந்த வகையை ஒற்றைச் சுற்றுக் கற்றல் என்றார்கள். பிழைக்கு இடம் கொடுத்த விதியையே கேள்வி கேட்பது இரட்டைச் சுற்று. கரண்ட் போகாத நாளிலும் ஃபேன் நின்றிருக்கலாம்: மின்கட்டணத்தைக் குறைக்க, கடைசித் தேயிலை இறங்கியதும் ஃபேனை நிறுத்து என்று ஆபிசிலிருந்து உத்தரவு வந்திருக்கலாம். அப்படியானால் குழாயைக் கெடுத்தது அந்த உத்தரவு. இதைத் தோட்ட மனேஜரான துரைக்குச் சொல்ல, பெக்டரியை நடத்தும் டீமேக்கருக்குத் துணிவு வேண்டும். பெரும்பாலும் கற்றல் நின்றுபோவது இந்த இடத்தில்.

மாற்றவேண்டியவை சின்ன விஷயங்கள். நெருப்பு அணைந்து குழாய் ஆறும் வரை ஃபேன் ஓட வேண்டும். கரண்ட் போனால் விறகு போடுவதை நிறுத்தி, எரியும் கட்டைகளை வெளியே இழுத்துவிட வேண்டும். ஜெனரேட்டர் வந்ததும் முதலில் இந்த ஃபேனுக்கே கரண்ட். இதை ஆபிசில் ஆங்கிலத்தில் கோப்பிட்டுப் பயனில்லை. அடுப்புக்கு எதிரே தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் எழுதி, இரவு வேலைக்காரர் ஒருவரை மெயின் சுவிட்சை அணைத்துச் செய்துகாட்டச் சொல்லுங்கள். எழுத்தில் தவறவிட்டது அப்போது தெரியும்.

இன்னொரு ஏனை எல்லோரும் மறப்பார்கள்: பெக்டரியில் தெரியாத புகை கொழும்பில் ஏன் தெரிந்தது? மணிக்கொரு மாதிரி எடுத்து, சுவை பார்க்கத் தேநீர் தயாரிப்பதற்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 3103 சொல்கிறபடி 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் போட்டு 6 நிமிடம் ஊறவைத்து, அந்த இரவிலேயே சுவை பார்க்கலாம். முடிவு தெரியும் வரை அந்த மணிநேரத் தேயிலை தனியாக இருக்கட்டும். சலித்துக் கலந்துவிட்டால் பிரிக்க வழியில்லை.

துரையும் டீமேக்கரும் மாற்றலாகிப் போவார்கள். அடுப்புக்காரர் அங்கேயே இருப்பார். ஆகவே ஒரு கொப்பியில் தேதி, கண்ட குறை, பார்த்த ஆதாரம், மாற்றிய வழக்கம், ஒரு மாதம் கழித்து அதைச் சரிபார்த்தவர் என்று ஐந்து வரி எழுதிவையுங்கள். கடைசி வரிதான் அதிகம் வெறுமையாகக் கிடக்கும். புதிதாக வரும் டீமேக்கர் முதல் வாரத்திலேயே அந்தக் கொப்பியை அடுப்புக்காரரோடு நின்று வாசித்து, விடுபட்ட வரிகளை அவரிடம் கேட்டு நிரப்பலாம்.