அமெரிக்காவிலிருந்து கனடாவுக்கு: ஒரு காரைக் கொண்டுவந்தோம், ஒன்றை இங்கே வாங்கினோம்

எச்1பி வேலை விசாவில் அமெரிக்காவில் இருந்துவிட்டு, கனடா பி.ஆர். (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) வந்ததும் மூட்டை கட்டும் குடும்பங்களில் கட்டாயம் எழும் பேச்சு இது. காரை அப்படியே ஓட்டிக்கொண்டு எல்லையைத் தாண்டிவிடலாமா, விற்றுவிட்டு அங்கே போய் செகண்ட் ஹேண்டில் ஒன்று பார்க்கலாமா? 2023-இல் நியூ ஜெர்சியிலிருந்து ஒன்டாரியோவுக்கு நாங்கள் கிளம்பியபோது வீட்டில் இரண்டு கார் இருந்தது. என்னுடைய கேம்ரிக்குக் கடன் அடைத்தாயிற்று. கணவருடையது லீஸ். ஆகவே இரண்டு வழியிலும் நடந்து பார்க்க வேண்டியதாயிற்று.

லீஸ் கார் விஷயம் சீக்கிரமே முடிந்தது. குடியேறி வருபவரின் சொந்தப் பொருள்களுக்குக் கனடா சுங்கத்துறை வரிவிலக்கு தருகிறது. ஆனால் அந்தப் பொருள் நமக்கே சொந்தமாக, நம் கையில் இருந்து, நாம் பயன்படுத்தியதாக இருக்க வேண்டும். லீஸ் வண்டி அதில் சேராது. திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

கேம்ரிக்கு முதல் வேலை, டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, கதவு நிலையில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படிப்பது. அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளின்படி தயாரித்த வண்டி என்று அதில் இருக்க வேண்டும். அடுத்து, டிரான்ஸ்போர்ட் கனடா வெளியிடும் பட்டியலில் நம் மாடலும் வருடமும் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2007 செப்டம்பருக்குப் பிறகு தயாரான கார்களில் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் இருந்தாக வேண்டும் என்பது கனடாவின் விதி. அமெரிக்காவில் விற்ற சில மலிவு மாடல்களில் அது கிடையாது. அப்படிப்பட்ட காருக்கு இந்தப் பட்டியலிலேயே கதை முடிந்துவிடும்.

மூன்றாவது ரீகால் கடிதம். விற்ற வண்டியில் குறை தெரிந்து, தயாரிப்பாளரே திரும்ப அழைத்துச் சரிசெய்து தருவதுதான் ரீகால். வின் என்ற நம் வண்டியின் தனி அடையாள எண்ணைக் குறிப்பிட்டு, சரிசெய்யாத ரீகால் ஏதும் பாக்கி இல்லை என்று தயாரிப்பாளர் தரும் சான்று அது. ஏர்பேக் ரீகால் மாதிரி ஏதாவது பாக்கி இருந்தால் அமெரிக்காவிலேயே டீலரிடம் இலவசமாக முடித்துவிடுங்கள்.

இனி வருவதுதான் ஆளைச் சோதிக்கும் பகுதி: டைட்டில், அதாவது வண்டி யாருக்குச் சொந்தம் என்று காட்டும் பத்திரம். கடன் அடைத்துவிட்டோம் என்ற நிம்மதியில் இருந்தோம். வங்கியோ பணத்தை வாங்கிக்கொண்டு டைட்டிலை அனுப்பாமல் இழுத்தடித்தது. போன் செய்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதில். வீட்டைக் காலி செய்யும் தேதி நெருங்க நெருங்க எனக்குத் தூக்கமே போய்விட்டது. அந்த அசல் காகிதம் இல்லாமல் எதுவும் நகராது. பழைய காரை அமெரிக்காவிலிருந்து வெளியே கொண்டுபோவதும் ஏற்றுமதிதான். 2014 முதல் அதை மின்னணு முறையில் பதிவு செய்து ஐடிஎன் என்ற எண் வாங்க வேண்டும். தனிநபர் தானே பதிவு செய்வது சிரமம் என்பதால் ஒரு புரோக்கருக்குக் கட்டணம் கொடுத்து முடித்தோம். அந்த எண்ணையும் டைட்டிலின் நகலையும், நாம் கடக்கப்போகும் பாலத்தில் உள்ள அமெரிக்கச் சுங்க அலுவலகத்துக்குக் குறைந்தது 72 மணி நேரம் முன்னதாகச் சேர்த்துவிட வேண்டும்.

நாங்கள் கடந்தது பஃபலோவையும் ஃபோர்ட் ஈரியையும் இணைக்கும் பீஸ் பிரிட்ஜ். அமெரிக்காவை விட்டு வெளியேறும்போது யாரும் நம்மை நிறுத்திக் காகிதம் கேட்பதில்லை. சாலை நேரே பாலத்தில் ஏற்றிவிடும். நாமாகத்தான் ஏற்றுமதி அலுவலகத்தைத் தேடிப் போய் வண்டியைக் காட்டி, அசல் டைட்டிலில் முத்திரை வாங்க வேண்டும். தவறவிட்டால் அபராதம் வரை போகும். அந்த அலுவலகம் எந்நேரமும் திறந்திருக்காது. போகுமுன் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் முடிந்தபின் கனடா பக்கம் எளிதாக இருந்தது. பொருள் பட்டியலில் காரை வின் எண்ணோடு எழுதியிருந்தோம். அதிகாரி பார்த்துவிட்டு, வாகன இறக்குமதிப் படிவத்தில் முத்திரை போட்டுக் கொடுத்தார். வரி இல்லை. பன்னிரண்டு மாதத்துக்குள் விற்றால் அந்த வரியைக் கட்ட நேரிடும் என்பது நிபந்தனை. முதலில் சும்மா லேண்டிங் (பி.ஆர். ஆக முதல் தடவை கனடாவுக்குள் நுழைவது) மட்டும் செய்துவிட்டு, பிறகு குடும்பத்தோடு வரலாம் என்று இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த முதல் நுழைவிலேயே, 'பின்னால் வரும் பொருள்கள்' பட்டியலில் காரைச் சேர்த்துவிட வேண்டும். லேண்டிங்குக்குப் பிறகு வாங்கிய காருக்கு இந்தச் சலுகை கிடையாது.

உள்ளே வந்ததும் ஆர்ஐவி என்ற இறக்குமதி வாகனப் பதிவகத்துக்கு 325 கனடா டாலரும் அதற்கு வரியும் கட்டினோம். ரீகால் சான்றை அனுப்பியதும் பரிசோதனைப் படிவம் மின்னஞ்சலில் வந்தது. அதோடு கனேடியன் டயர் கடைக்குப் போனால் பகல்நேர விளக்கு, குழந்தை இருக்கைக் கொக்கி, இம்மொபிலைசர் எல்லாம் பார்த்து முத்திரை போடுகிறார்கள். இதற்கு 45 நாள் அவகாசம். ஆனால் ஒன்டாரியோவில் குடியேறியவர் 30 நாளில் வண்டியைத் தம் பெயரில் பதிந்து நம்பர் பிளேட் வாங்க வேண்டும் என்பதால் அந்த 45 நாளை நம்பி உட்கார முடியாது. மாகாணத்தின் சேஃப்டி சான்றிதழும் தனியாக எடுக்க வேண்டும்.

இப்போது கணவருக்கு வாங்கிய கார். சிப் தட்டுப்பாட்டில் ஏறிய பழைய கார் விலை அப்போதும் இறங்கிய பாடில்லை. தனியாரிடம் வாங்கினாலும் 13 சதவீத வரி உண்டு. அதுவும் நாம் கொடுத்த விலை, ரெட் புக் என்ற பழைய கார் விலைப் பட்டியல் காட்டும் மொத்த விற்பனை (ஹோல்சேல்) மதிப்பு, இவற்றில் எது அதிகமோ அதன் மேல். விலையைக் குறைத்து எழுதி வரியை மிச்சப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். விற்பவர், மாகாண அரசின் சேவை அலுவலகமான சர்வீஸ் ஒன்டாரியோவின் வாகனத் தகவல் தொகுப்பைக் கொடுத்தே ஆக வேண்டும். 20 டாலர்தான் விலை. முந்தைய உரிமையாளர்கள் யார், ஒன்டாரியோவில் கடன் ஏதும் பாக்கியா என்பது அதில் தெரியும். திருடிய வண்டிக்கு வின் எண்ணை மாற்றி விற்கும் கும்பல் இங்கே அதிகம். ஆகவே முன்பக்கக் கண்ணாடிக்குக் கீழே உள்ள எண், கதவில் உள்ள எண், காகிதத்தில் உள்ள எண், மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

காகிதத்தில் தெரியாதது துரு. பனிக்காலம் முழுக்கச் சாலையில் உப்பு கொட்டுகிறார்கள். பளபளவென்று இருந்த ஒரு வண்டியை ஸ்கார்பரோவில் யாழ்ப்பாணத்து மெக்கானிக் அண்ணை ஒருவரிடம் கொண்டுபோனோம். லிஃப்டில் ஏற்றியவர் என்னைக் கூப்பிட்டார். "தங்கச்சி, மேல் வடிவைப் பாக்காதைங்கோ, இஞ்ச கீழ வந்து பாருங்கோ." பிரேக் லைன் முழுக்கச் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு, வருடா வருடம் துருத் தடுப்பு எண்ணெய் அடித்து, பில்லையும் பத்திரமாக வைத்திருந்த ஒருவரிடம் வேறு கார் வாங்கினோம். கூடவே ரிம்மோடு பனிக்கால டயர் நான்கும் கிடைத்தன. கேம்ரிக்கு அவற்றை நான் தனியாக வாங்கினேன். ஒன்டாரியோவில் பனிக்கால டயருக்கு இன்சூரன்ஸில் தள்ளுபடி உண்டு.

எது லாபம் என்றால், கேம்ரி விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒவ்வொரு ஆயில் மாற்றமும் எனக்குத் தெரிந்த வண்டி. உப்பும் அதிகம் படாதது. கொண்டுவந்த செலவு முழுவதையும் கூட்டினாலும், இங்கே அதே தரத்தில் ஒன்று வாங்கினால் கட்டும் 13 சதவீத வரிக்குக் கிட்டவே வராது. ஓடோமீட்டர் மைலில் இருப்பதால் நாளைக்கு விற்கும்போது விலை கொஞ்சம் குறையலாம். எனக்கு அது பெரிதில்லை, பல வருடம் ஓட்டத்தான் கொண்டுவந்தேன். ஓரிரு வருடத்தில் வண்டி மாற்றுகிறவர்களும், கிளம்பும் தேதிக்குள் டைட்டில் வருமா என்று உறுதி இல்லாதவர்களும் அங்கேயே விற்றுவிடுவது நல்லது. உத்தரவாதக் காலம் பாக்கி இருக்கிற புது வண்டி என்றால், அது கனடாவில் செல்லுமா என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சில கம்பெனிகள் ஏற்பதில்லை.

இரண்டு காருக்கும் பொதுவானது இன்சூரன்ஸ். அஞ்சல் குறியீட்டை வைத்துக் கட்டணம் போடுகிறார்கள். டொரொன்டோவை ஒட்டிய பிராம்ப்டனில் கேட்கும் தொகை தலையைச் சுற்ற வைக்கும். அமெரிக்காவில் விபத்தில்லாமல் ஓட்டிய வருடங்களைக் கணக்கில் எடுக்க வேண்டுமானால், பழைய இன்சூரன்ஸ் கம்பெனியின் கடிதமும் மாநிலத்தின் ஓட்டுநர் பதிவேட்டுப் பிரதியும் வேண்டும். பாலிசியை ரத்து செய்வதற்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது என்று யோசிக்கும்போதே அந்த அஞ்சல் குறியீட்டைக் கொடுத்து, காரின் வின் எண்ணுக்கு விலை கேளுங்கள். நாங்கள் பார்த்து வைத்திருந்த இரண்டு வீடுகளில் ஒன்றை அந்த விலையைக் கேட்டபிறகுதான் விட்டோம்.