காயகல்ப் ஆய்வுக்கு எங்கள் எக்ஸ்ரே அறை தயாரான விதம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் ரேடியோகிராபராக இருக்கிறேன். காயகல்ப் என்பது அரசு மருத்துவமனைகளின் சுத்தத்தையும் தொற்றுத் தடுப்பையும் ஆய்வு செய்து விருது தரும் திட்டம். 2015-ல் வந்த இதில் முதலில் நமக்கு நாமே மதிப்பெண் போட வேண்டும். அடுத்து வேறொரு மருத்துவமனைக் குழு வரும், கடைசியில் வெளி ஆய்வாளர்கள். விருதுக்கு 70 சதவீதமாவது வேண்டும்.

தொற்றுத் தடுப்புப் பயிற்சிக்கான பட்டியலில் வார்டு, தியேட்டர், லேப் எல்லாம் இருந்தன; எக்ஸ்ரே இல்லை. கேட்டால், "உங்களுக்கு எதுக்குங்க, ஊசியா போடறீங்க?" என்றார்கள். எல்லா வார்டு நோயாளிகளும் எங்கள் ஒரே மேஜையில்தான் படுத்து எழுகிறார்கள் என்று எடுத்துச் சொல்லித்தான் இடம் வாங்கினோம்.

சோப்பு போட்டுக் கை கழுவ 40 முதல் 60 விநாடி, ஹேண்ட் ரப் என்றால் 20 முதல் 30. இது எல்லோருக்கும் மனப்பாடம். ஓபி நேரத்தில் வாசல் வரை வரிசை நிற்கும்போதுதான் சிக்கல். வாஷ்பேசின் வரை போய்வர யாருக்கும் கால் வராது. ஹேண்ட் ரப் பாட்டிலை ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே மாட்டிய பிறகுதான் கை தானாக அங்கே போக ஆரம்பித்தது. நோயாளியைத் தொட்ட கையுறையோடு, மெஷினை இயக்கும் கன்சோல் பட்டனைத் தொடக் கூடாது என்பதையும் அப்போதே கறாராக வைத்தோம்.

நான் அதிகம் மல்லுக்கட்டியது நெஞ்சு எக்ஸ்ரே ஸ்டாண்டோடுதான். தாடை வைக்கும் அந்த விளிம்பில் இருமிக்கொண்டே முகத்தைப் பதிப்பார்கள்; அடுத்து வருபவரும் அங்கேதான் தாடையை வைப்பார். இப்போது ஒவ்வொருவருக்கும் பிறகு துடைக்கிறோம். ஒரு பெரியவர், "எனக்காகவா கண்ணு தொடைக்கறே?" என்று கேட்டார். ஆமாங்கய்யா என்றேன். காசநோய் சந்தேகம் இருந்தால் வார்டிலிருந்து முன்கூட்டியே போன் வரும். மாஸ்க் போட்டு, கூட்டம் குறைந்த பிறகு கடைசியாக எடுப்போம். எங்களுக்கு என்95.

எதைக் கொண்டு துடைப்பது என்பதும் முக்கியம். ஹைப்போகுளோரைட் (பிளீச் திரவம்) உலோகத்தை அரிக்கும். படத்தைப் பதிவு செய்யும் டிடெக்டருக்கு கம்பெனி கையேட்டில் சொன்ன திரவம் மட்டும்தான். கதிர்வீச்சைத் தடுக்கும் லெட் ஏப்ரனை (ஈய அங்கி) ஊறவைக்கவோ மடிக்கவோ கூடாது. துடைத்துத் தொங்கவிட வேண்டும்.

ஆய்வாளர் வந்ததும் என்னை விட்டுவிட்டு, துப்புரவு அக்காவைத்தான் கேட்டார்: "ரத்தம் சிந்தினா என்ன பண்ணுவீங்க?" அக்கா தடுமாறவே இல்லை. கையுறை போட்டு, துணியால மூடி, ஒரு சதவீத ஹைப்போகுளோரைட் ஊத்தி, காத்திருந்து துடைக்கணும்; துணி மஞ்சள் பைக்கு, கையுறை சிவப்புப் பைக்கு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் அறை தேறிவிட்டது.

அடுத்து ஆய்வுக்குத் தயாராகிறவர்கள் ஊழியர்களுக்கான ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை இப்போதே தொடங்கிவிடுங்கள். முதல் ஊசி, ஒரு மாதத்தில் அடுத்தது, ஆறாம் மாதம் மூன்றாவது. ஆய்வுத் தேதி அறிவித்த பிறகு ஆரம்பித்தால் முடிக்க நேரம் இருக்காது.