12 புளியங்கொட்டை, ஒரே ஒரு கேள்வி
மாநகராட்சிப் பள்ளியோ தெருமுனை நர்சரியோ, பிள்ளைக்கு எண்ணிக்கை புரிந்திருக்கிறதா என்று பார்க்க 12 புளியங்கொட்டை போதும். ஆறாறாக இரண்டு வரிசை, நேருக்கு நேர். "ரெண்டும் சமமா?" ஆமாம் என்றதும் ஒரு வரிசையை மட்டும் அகலமாகப் பரப்பிவிட்டு மறுபடி கேளுங்கள். ஐந்து வயதுப் பிள்ளை பெரும்பாலும் நீண்ட வரிசையைத் தொட்டு "இதுலதான் நிறைய" என்னும். ஆறுவரை பிசகாமல் எண்ணுகிற பிள்ளைகூட.

சுவிஸ் உளவியலாளர் பியாஜேயின் சோதனைதான் இது. ஆனால் சிக்கல் அந்த இரண்டாவது கேள்வியில். டீச்சர் திரும்பக் கேட்டாலே முதல் பதில் தப்பு என்பதுதானே வகுப்பறைப் பழக்கம்! 1974இல் மெக்காரிகிள், டொனால்ட்சன் என்ற இரு உளவியலாளர்கள் வரிசையைக் கலைக்கும் வேலையைக் குறும்புக்காரக் கரடி பொம்மையிடம் விட்டார்கள். சரியான பதில்கள் கூடின. பொம்மை இல்லையா? முதலில் கேட்காமல், பரப்பிய பிறகு ஒருமுறை மட்டும் கேளுங்கள். தடுமாறினால் "ஒழுங்கா எண்ணு" என்று அதட்டாமல், மேல் கொட்டைக்குக் கீழ் கொட்டையை ஜோடி சேர்க்கச் சொல்லுங்கள்.