அம்மாவுக்காக ஒரு கை ஷவர்

மூட்டுவலியால் முக்காலியில் அமர்ந்து குளிக்கும் அம்மாவுக்குத் தலைக்கு மேலிருந்து கொட்டும் ஷவரால் பயனில்லை என்பதால், அஸ்தம்பட்டி வீட்டில் அதைக் கழற்றிவிட்டுக் கை ஷவர் பொருத்தினேன். சுவர்க்குழாயின் மரையும் ஹோஸின் மரையும் பெரும்பாலும் அரை அங்குலமே என்பதால், பிளம்பரை அழைக்க வேண்டியதில்லை.

பழையதைக் கழற்றுவதுதான் பெரும்பாடு. எங்கள் போர் தண்ணீரின் உப்பு மரை இடுக்கில் வெள்ளையாகப் படிந்து கல்லாக இறுகியிருந்தது. வினிகரில் நனைத்த துணியைச் சிறிது நேரம் சுற்றி வைத்த பிறகே ஸ்பேனருக்கு அசைந்து கொடுத்தது. அப்போது மறு கையால் சுவர்க்குழாயை அழுத்திப் பிடிக்காவிட்டால், அதுவும் சேர்ந்து சுழன்று சுவருக்குள் கசிவை உண்டாக்கிவிடும்.

ஹோஸ் முனையில் ரப்பர் வாஷர் இருந்தால் கசிவைத் தடுக்க மரையில் சுற்றும் டெஃப்லான் டேப் தேவையில்லை, கையால் இறுக்கினாலே போதும். கடைக்காரர் என்னவோ இரண்டு சுருள் டேப்பைத் தலையில் கட்டிவிட்டார்!

வாங்கும்போது கவனிக்க வேண்டியது நீரழுத்தம். மொட்டைமாடித் தொட்டி ஷவரைவிட 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் சுமார் 0.3 பார் (அழுத்தத்தின் அலகு) மட்டுமே. அதற்குப் பெரிய வட்டத் தலையைவிடச் சிறிய தலையே நன்றாகப் பீய்ச்சுகிறது. துளைகள் சிலிக்கானில் அமைந்திருந்தால், படியும் உப்பைக் கட்டைவிரலால் தேய்த்தே உதிர்த்துவிடலாம். மாட்டும் கொக்கியை, உட்கார்ந்தபடியே அம்மாவின் கைக்கு எட்டும் உயரத்தில் அடித்திருக்கிறேன்.