எந்த மாதத்து வேலையின்மை?

குமரி மாவட்டத்தில் எத்தனை பேருக்கு வேலையில்லை என்று யாராவது கேட்டால், எந்த மாதத்தில் என்று திருப்பிக் கேளுங்கள். குளச்சல் பக்கம் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15-லேயே தொடங்கி ஜூன் 14-ல் முடிந்துவிடும். மலையோரத்தில் ரப்பர் இலையுதிரும்போது பால்வெட்டு நிற்கும். வெட்டும் இடத்தில் மழைநீர் படாமலிருக்க ரெயின் கார்டு என்ற மறைப்பு ஒட்டாத தோட்டத்தில் அடைமழைக்கும் நிற்கும்.

2017-ல் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் இரண்டு அளவுகோல்கள். வழக்கமான நிலை கடந்த 365 நாட்களைப் பார்க்கிறது. ஆண்டில் பெரும்பகுதி வீட்டிலிருந்து, 30 நாளுக்குக் குறையாமல் அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்குப் போன பெண்ணும் துணைநிலையில் வேலையுள்ளவராகிவிடுவார். வார நிலையில் கடந்த 7 நாட்களில் ஏதாவது ஒருநாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் போதும். திங்கட்கிழமை மட்டும் 300 மரத்தில் பால் வெட்டிவிட்டு மழையில் முடங்கியவரும், வாரம் முழுக்க வெட்டியவரும் ஒரே கட்டத்தில் விழுவார்கள். மாவட்டத் திட்டம் போடுகிறவர்கள் ஆண்டுச் சராசரியோடு நின்றுவிடுவது இதனால்தான் எனக்குப் பிடிப்பதில்லை.

நீங்களே ஊரில் கணக்கெடுப்பதானால் 7 நாட்களையும் தனித்தனியாகக் கேளுங்கள். வேலை செய்தது ஒரு மணி நேரம் முதல் 4 மணி நேரத்துக்குள் என்றால் அரைநாள், 4 மணி நேரமும் அதற்கு மேலும் முழுநாள். பழைய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் தினசரி நிலைக்கு வைத்திருந்த முறை இது. நம் ஊருக்கு இன்றும் இதுதான் பொருந்தும்.

கேள்வியையும் கவனமாகப் போட வேண்டும். "பால் வெட்டினீங்களா?" என்று மட்டும் கேட்டால், பால் எடுத்து ஊற்றிய நேரமும் மரத்திலும் சிரட்டையிலும் உறைந்த ஒட்டுப்பால் பிரித்த நேரமும் விடுபடும். சிறு தோட்டக்காரர் மனைவியைப் பற்றி "அவ வீட்லதான் சும்மா இருக்கா" என்பார். உடனே எழுதிக்கொள்ளாமல், "அப்போ ஷீட்டு அடிக்கிறது ஆரு?" என்று, ரப்பர் பாலை ஷீட்டாக்குவது யார் என்று கேளுங்கள். சொந்தத் தோட்டத்தில் கூலியில்லாமல் செய்தாலும் அது வேலைதான். அந்தக் கேள்வி இல்லாவிட்டால் அந்த மனைவி, வேலை செய்பவர்களும் தேடுபவர்களும் சேர்ந்த தொழிலாளர் படையிலேயே வரமாட்டார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவு உள்ள மாவட்டம் இது. பட்டம் பெற்ற பெண் வேலை தேடித் தேடி ஓய்ந்து, இனி வேண்டாம் என்று விட்டுவிட்டால் வேலையின்மை விகிதம் இறங்கும். யாருக்கும் வேலை கிடைத்திருக்காது. அதனால் மொத்தப் பேரில் தொழிலாளர் படையில் எத்தனை பேர் என்று சொல்லும் பங்கேற்பு விகிதத்தைப் பக்கத்தில் வைக்காமல் இந்த எண்ணைப் படிக்காதீர்கள். வளைகுடாவில் ஆண்டுக்கணக்கில் இருப்பவர் குடும்ப உறுப்பினராக எண்ணப்படமாட்டார். அவர் அனுப்பும் பணத்தில் ஓடும் வீடு மட்டும் கணக்கில் இருக்கும்.

கடற்கரைக்குப் போகும் தேதியும் முக்கியம். ஜூன் 1 முதல் 14 வரை இரண்டு பக்கமும் விசைப்படகு ஓடாது, வள்ளங்கள் என்னும் நாட்டுப்படகுகள் மட்டும் போகும். அந்த நாட்களில் எடுத்த கணக்கை ஆகஸ்டு கணக்கோடு ஒப்பிட்டு, வேலைவாய்ப்பு பெருகிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள்.