பச்சைக் கிணறு யார் வீட்டு முற்றத்தில்?

நான் படித்தது வேதியியல். வேலை செய்வது நிலவியல், பொது சுகாதாரம், சமூகவியல் என்று பல துறையினர் சேர்ந்த ஆய்வுக் குழுவில். எங்கள் ஆய்வு, வங்கதேசக் கிராமங்களின் குடிநீரில் இருக்கும் ஆர்சனிக் பற்றியது.

குளத்து நீரால் வரும் வயிற்றுப்போக்கிலிருந்து குழந்தைகளைக் காப்பாற்றத்தான் அங்கே 1970கள் தொட்டு லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். கிருமி குறைந்த தண்ணீர் கிடைத்தது. அதில் ஆர்சனிக் இருப்பது 1993இல்தான் உறுதியானது. நிறம், மணம், சுவை எதுவும் இல்லாத நஞ்சு. குடிப்பவர் தோலில் அடையாளம் தெரியவே பல வருடங்கள் ஆகும். நல்லெண்ணத்தில் குறைவில்லை. தண்ணீரில் கிருமி உண்டா என்று பார்த்தவர்களோடு, அடியில் கிடக்கும் வண்டலைப் பற்றிக் கேட்க ஒருவர் இருந்திருக்கலாம் என்று இப்போதும் மனம் அடித்துக்கொள்கிறது.

ஆக்சிஜன் எட்டாத வண்டலில் நுண்ணுயிர்கள் இரும்பு ஆக்சைடைக் கரைக்கும்போது, அதில் ஒட்டியிருந்த ஆர்சனிக் நீரில் கலக்கிறது. வண்டல் இடத்துக்கு இடம் மாறுவதால் ஒரு கிணறு நஞ்சாக இருக்கும், சில பத்து மீட்டர் தள்ளி இன்னொன்று நன்றாக இருக்கும். அந்நாட்டு வரம்பு லிட்டருக்கு 50 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 10. வரம்பைத் தாண்டிய கிணற்றுக்குச் சிவப்பும் மற்றதற்குப் பச்சையும் அடிப்பது அங்கே வழக்கம். எங்கள் வரைபடத்திலும் அதே நிறப் புள்ளிகள். சிவப்புக்குப் பக்கத்திலேயே பச்சை இருக்கிறதே, நடந்துபோய் எடுத்துக்கொள்ளலாமே என்பதுதான் வேதியியல் தரப்பின் முடிவு.

சமூகவியல் தோழி வரைபடத்தின் மேல் குனிந்து ஒரு புள்ளியில் விரலை வைத்தார். "இந்தப் பச்சைக் கிணறு யார் வீட்டு முற்றத்துல இருக்கு? அந்த வீட்டுக்குள்ள யாரெல்லாம் குடத்தோட போக முடியும்?"

யாரிடமும் பதில் இல்லை. எங்கள் களப் படிவத்தில் கிணற்றின் ஆழம், தோண்டிய ஆண்டு, ஆர்சனிக் அளவு மட்டுமே இருந்தன. அடுத்த படிவத்தில் உரிமையாளர் யார், தண்ணீர் எடுப்பவர் யார், எந்த நேரத்தில் என்ற கட்டங்கள் வந்தன. ஆர்சனிக் பெரும்பாலும் குறைவாக இருக்கும் ஆழ்கிணற்றை எங்கே தோண்டுவது என்ற கேள்வியே மாறியது. நிலவியலாளர் காட்டும் பல இடங்களில் எல்லாப் பெண்களும் தயங்காமல் வரக்கூடியது எது என்று இப்போது சேர்ந்து பார்க்கிறோம்.

நிதி விண்ணப்பம் முடியும் வாரத்தில் சமூகவியலாளரைக் கூப்பிட்டு, 'விழிப்புணர்வு' என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஆய்வுக் கேள்வியை எழுதும் நாளில் அவர் அறையில் இல்லையென்றால் அந்தப் பக்கத்தால் பயனில்லை.

இதில் அதிகம் இழப்பவர்கள் இளம் ஆய்வாளர்கள். எங்களோடு முனைவர் பட்டம் முடித்த ஒருவரை ஒரு நேர்முகத்தில் வேதியியல் போதாது என்றார்கள், இன்னொன்றில் சமூகவியல் போதாது என்றார்கள். கிணற்று நீரையும் சோதித்து, அதை எடுக்க வரும் பெண்களிடமும் உட்கார்ந்து பேசத் தெரிந்தவர் அவர். இப்படிப்பட்டவர்களை எடைபோடும் தேர்வுக் குழுவில் இரு துறையினரும் இருக்க வேண்டும் என்று போகும் கூட்டத்திலெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.